கோப்பைக்குப் பெயர் வைத்தால் கடன் தீர்ந்துவிடுமா?

2006-ஆம் வருஷம். அமெரிக்காவில் ஒரு விமான நிலையம். பாதுகாப்புச் சோதனை வரிசையில் அறுபதைத் தாண்டிய ஒருவர் மனைவியோடு நிற்கிறார். ஆறடிக்கு மேல் உயரம். விரல்களில் பெரிய பெரிய மோதிரங்கள். கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். மாட்டேன் என்கிறார். மறுபடியும் சொல்கிறார்கள். அவர் அவர்களைத் தள்ளிவிட்டு ஓட ஆரம்பிக்கிறார். காவலர்கள் துரத்திப் பிடித்துக் கீழே தள்ளுகிறார்கள்.

இருபத்தைந்து வயதில் அதே மனிதர் இப்படி ஓடியிருந்தால் நாலு பேர் சேர்ந்து மோதினாலும் கீழே தள்ளியிருக்க முடியாது. அதுதான் அவருடைய தொழில். அந்த மோதிரங்களில் ஒன்று சூப்பர் பவுல் ஜெயித்ததற்கு. இன்னொன்று ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்ததற்கு. ஏன் கழற்றச் சொல்கிறார்கள் என்பது அவருக்குப் புரியவில்லை. மூளை அந்த அளவுக்குப் போயிருந்தது.

அவர் பெயர் ஜான் மேக்கி. பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் டைட் எண்ட். சட்டை எண் 88.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் இவரைப் பற்றிப் பேச்சு வந்தது. என் அறைத்தோழனுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் என்றாலே எரிச்சல். "ஹெல்மெட் போட்ட மாட்டுச் சந்தை" என்பான். நான் மேக்கி கதையைச் சொன்னேன். அவன் அசரவில்லை. "விரும்பித்தானே ஆடினார்? காசு வாங்கினார் இல்ல? பேர் வெச்சு அவார்டு கொடுக்கறாங்க, சட்டை நம்பர்ல நிதி வெச்சிருக்காங்க, இன்னும் என்னடா செய்யணும்?" என்றான். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. தட்டு கழுவும்போதுதான் பதிலெல்லாம் வரும் நமக்கு :-) அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. டைட் எண்ட் என்பவர் முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர். அவருக்கு இரண்டு வேலை. ஒன்று, நூறு கிலோ ஆசாமிகளை முட்டித் தடுத்துத் தன் அணிக்காரன் ஓட வழி செய்வது. இரண்டு, தானே ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பது. முதல் வேலையில் புகழ் கிடையாது, தலையில் அடிதான் உண்டு. இரண்டாவதில் புகழ் உண்டு, பிடித்த மறுநொடியே மோதலும் உண்டு. மேக்கிக்கு முன்னால் இந்த இடத்துக்காரர்களைப் பெரும்பாலும் முட்டுவதற்கும் குட்டிக் குட்டிப் பந்துகளைப் பிடிப்பதற்கும்தான் வைத்திருந்தார்கள். இவர் ஆறடி இரண்டங்குலம், நூறு கிலோவுக்கு மேல், கூடவே வேகமும். நீளப் பந்துகளை இவருக்கு எறியலாம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டார்கள்.

1963-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேர்ந்தார். முதல் வருஷமே ப்ரோ பவுல் தேர்வு. 1966-இல் ஒன்பது டச் டவுன்கள், அவற்றில் ஆறு 50 கஜத்துக்கும் மேற்பட்ட தூரத்திலிருந்து. அந்த வருஷம் டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக அவர் ஓடிய 64 கஜ ஓட்டத்தின் பழைய படத்துண்டு கிடைத்தால் பாருங்கள். ஒருவர் பின் ஒருவராக மோதுகிறார்கள், உதிர்ந்து விழுகிறார்கள், இவர் போய்க்கொண்டே இருக்கிறார். 1971 ஜனவரியில் நடந்த ஐந்தாவது சூப்பர் பவுலில் ஜானி யுனைட்டஸ் எறிந்த பந்து, சொந்த அணிக்காரர் கையில் பட்டு, எதிரணிக்காரர் விரலில் உரசி இவர் கைக்கு வந்தது. 75 கஜம் ஓடி முடித்தார். பால்டிமோர் ஜெயித்தது 16-13 என்ற கணக்கில். அந்த ஓட்டம் இல்லையென்றால் கோப்பை இல்லை.

மொத்தம் பத்து வருஷம். 139 ஆட்டங்கள், தவறவிட்டது ஒன்றே ஒன்று. 331 பந்துகள், 5,236 கஜம், 38 டச் டவுன்கள். அந்த "ஒன்றே ஒன்று" என்பதை மறந்துவிடாதீர்கள். பத்து வருஷம் ஓய்வே எடுக்காமல் மோதியிருக்கிறார் என்று அர்த்தம்.

இதோடு நிறுத்தினால் ஒரு நல்ல வீரரின் கதை, அவ்வளவுதான். ஆனால் இந்த மனிதர் களத்துக்கு வெளியே செய்த வேலைதான் முக்கியம். முதலாளிகளுக்கு எரிச்சல் மூட்டியதும் அதுதான்.

மேக்கி லீகுக்குள் நுழைந்த அதே 1963-இல் என்.எஃப்.எல். ஒரு விதி கொண்டுவந்தது. அப்போதைய கமிஷனர் பீட் ரோஸெல் பெயரால் "ரோஸெல் விதி" என்பார்கள். ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவர் வேறு அணிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது அணி பழைய அணிக்கு நஷ்டஈடு தர வேண்டும். எவ்வளவு என்று இரண்டு அணிகளும் ஒத்துக்கொள்ளாவிட்டால் கமிஷனர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வார். உன் நல்ல வீரனையும் பிடுங்கிக் கொடுப்பார், எதிர்கால டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுப்பார். எவ்வளவு போகும் என்று தெரியாமல் எந்த முதலாளி ஆள் எடுப்பார்?

இது வெறும் யூகமில்லை. நீதிமன்றத் தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. 1963 முதல் 1974 வரை ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் 176 பேர். அவர்களில் வேறு அணிக்குப் போக முடிந்தது 34 பேருக்கு. கமிஷனரே நேரடியாக நஷ்டஈடு விதித்தது வெறும் நான்கு தடவை. நான்கு பேருக்கு விழுந்த அடியைப் பார்த்தே மற்ற எல்லோரும் அடங்கிப் போனார்கள். பூட்டைக் காட்டினாலே போதும், பூட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை.

1970-இல் இரண்டு லீகுகள் இணைந்தபோது ஒன்றுபட்ட வீரர்கள் சங்கத்தின் தலைவரானார் மேக்கி. அந்தக் கோடையிலேயே வேலைநிறுத்தம். ஓய்வூதியத்துக்கும் சலுகைகளுக்குமாகச் சுமார் 1.1 கோடி டாலர் பெற்றுத் தந்தார். 1972-இல் ரோஸெல் விதியை எதிர்த்து வழக்கு. வழக்கின் பெயரே "மேக்கி எதிர் என்.எஃப்.எல்.". அந்த வருஷம்தான் சான் டியாகோ சார்ஜர்ஸில் அவருடைய கடைசி சீசன். அதாவது, தன் ஆட்ட வாழ்க்கை முடியும் நேரத்தில் நடந்த வழக்கில் தன் பெயரை முதலில் போட்டவர். மினியாபொலிஸ் நீதிமன்றத்தில் 55 நாள் விசாரணை. 1975 கடைசியில் வீரர்கள் பக்கம் தீர்ப்பு. 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விதி ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறியது என்றே சொன்னது.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். கிடைத்த வெற்றியை 1977-இல் சங்கமே பேச்சுவார்த்தை மேஜையில் பாதி விட்டுக்கொடுத்தது. வேறு பெயரில் நஷ்டஈட்டு முறை திரும்பி வந்தது. வீரர்கள் உண்மையிலேயே அணி மாறும் சுதந்திரம் பெற்றது 1993-இல்தான். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு வழிவிட்ட 1992 வழக்கும் அதே மினியாபொலிஸில், மேக்கி வழக்கு போட்ட பாதையில்தான் நடந்தது. 2020-இல் ஜார்ஜ் கிட்டில் என்ற டைட் எண்ட் ஐந்து வருஷத்துக்கு 7.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். வாழ்த்துகள். அந்தத் தொகைக்குப் பின்னால் 1972-இல் மேக்கி போட்ட கையெழுத்து இருக்கிறது.

சரி, லீக் அவருக்கு என்ன செய்தது?

முதலில் ஹால் ஆஃப் ஃபேம். 1969-இல் என்.எஃப்.எல்.லின் ஐம்பது ஆண்டு சிறப்பு அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐம்பது வருஷ வரலாற்றின் சிறந்த டைட் எண்ட் யார்? ஜான் மேக்கி. அப்போது அவருக்கு வயது 28. சொன்னது நானில்லை, அவர்களே. அப்படிப்பட்டவர் 1978-லிருந்து ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தகுதி. எப்போது எடுத்தார்கள்? 1992-இல். சாதாரணப் பட்டியலில் தகுதி இருந்த 15 வருஷத்தில் கடைசி வருஷம். அந்த 1969 தேர்வில் இவருக்குப் பின்னால் நின்ற மைக் டிட்கா நாலு வருஷம் முன்பே உள்ளே போய்விட்டார். வாக்களித்தவர்கள் பத்திரிகையாளர்கள். சங்கத்தில் இருந்ததால்தான் ஒதுக்கினார்கள் என்று நிரூபிக்க எந்தக் காகிதமும் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 28 வயதில் வரலாற்றிலேயே சிறந்தவராக இருந்தவர், ஐம்பது வயது வரை போதாதவராக இருந்தது எப்படி? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கோல்ட்ஸ் அணி 1984-இல் இண்டியானாபொலிஸுக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஹால் ஆஃப் ஃபேம் மோதிரத்தை அங்கே வந்து வாங்க மாட்டேன், பால்டிமோரில்தான் வாங்குவேன் என்றார் மேக்கி. அங்கேயே வாங்கினார். அந்த மோதிரத்தைத்தான் 2006-இல் கழற்ற மறுத்தார்.

இரண்டாவது, விருது. சிறந்த கல்லூரி டைட் எண்டுக்கு 2000-லிருந்து "ஜான் மேக்கி விருது" கொடுக்கிறார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா என்றார்கள் டாக்டர்கள். வெறும் மறதி இல்லை இது. குணம் மாறும், பேச்சு போகும், பயமும் பிடிவாதமும் வரும். ஓய்வூதியம் மாதம் 2,500 டாலருக்கும் குறைவு. அந்தக் காசில் அமெரிக்காவில் இப்படி ஒரு நோயாளியை முழுநேரம் பராமரிக்க முடியாது. மனைவி சில்வியா ஐம்பது வயதுக்கு மேல் விமானப் பணிப்பெண் வேலைக்குப் போனார். வேலையோடு வரும் மருத்துவக் காப்பீட்டுக்காக. ஒரு காலத்தில் எல்லா வீரர்களுக்கும் ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்தவரின் வீட்டு நிலைமை இது.

ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டபோது, ஆட்டத்துக்கும் டிமென்ஷியாவுக்கும் நேரடித் தொடர்பு நிரூபணம் ஆகவில்லை என்று முதலில் கையை விரித்தார்கள். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பிட்ஸ்பர்க் வீரர் மைக் வெப்ஸ்டர் விஷயத்தில், தலையில் பட்ட அடிகளால்தான் அவர் செயலிழந்தார் என்று லீகின் ஓய்வூதிய வாரியமே முன்னதாக ஏற்றுக்கொண்டு உதவித்தொகை கொடுத்திருந்தது. அந்தக் கடிதம் 2000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு அறையில் ஆமாம், மைக்கின் முன்னால் இல்லை.

மூன்றாவது, என் நண்பன் பெருமையாகச் சொன்ன நிதி. சில்வியா 2006-இல் அப்போதைய கமிஷனர் பால் டாக்லியாபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணவருக்கு என்ன நடக்கிறது என்று ஒளிக்காமல் எழுதினார். அதன் பிறகுதான் லீகும் சங்கமும் சேர்ந்து 2007-இல் "88 திட்டம்" கொண்டுவந்தன. டிமென்ஷியா வந்த முன்னாள் வீரரை இல்லத்தில் வைத்துப் பராமரிக்க ஆண்டுக்கு 88,000 டாலர் வரை. நல்ல திட்டம்தான், பல குடும்பங்கள் அதனால் பிழைத்தன. அதைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் அதன் நிபந்தனையைக் கவனியுங்கள். நோய் எதனால் வந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்காததால் வீரருக்குப் பணம் சீக்கிரம் கிடைக்கும், அது லாபம். லீகுக்கு அதைவிடப் பெரிய லாபம்: "எங்கள் ஆட்டத்தால்தான் வந்தது" என்று ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. பணம் தரலாம், பொறுப்பு ஏற்க வேண்டாம். வாழ்நாள் முழுக்க உரிமை கேட்ட மனிதருக்குக் கடைசியில் கிடைத்தது தர்மம். அதற்கு அவருடைய சட்டை எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள்.

இப்போது நண்பனின் கேள்விகளுக்கு வருகிறேன்.

"விரும்பித்தானே ஆடினார்?" ஆமாம். முழங்கால் போகும், தோள் போகும் என்று தெரிந்துதான் ஆடினார்கள். அறுபது வயதில் மனைவி முகம் மறக்கும் என்று யார் சொன்னார்கள்? 1994-இல் லீக் மூளைக் காயத்துக்காக ஒரு குழு அமைத்தது. அதன் முதல் தலைவர் மூளை நிபுணர் இல்லை, மூட்டு வாத மருத்துவர்! வீரர்களுக்கு நீண்டகால மூளைப் பாதிப்பு இல்லை என்ற தொனியில் அந்தக் குழு கட்டுரை மேல் கட்டுரை வெளியிட்டது. ஃபுட்பாலுக்கும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய்க்கும் தொடர்பு உண்டு என்று லீகின் மூத்த அதிகாரி ஒருவர் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் முன் ஒத்துக்கொண்டது 2016-இல். மேக்கி இறந்து ஐந்து வருஷம் கழித்து. தெரியாத ஆபத்துக்கு எப்படி ஐயா சம்மதம் கொடுப்பது?

"காசு வாங்கினார் இல்ல?" எந்தக் காசு? அவர் ஆடிய காலம் முழுக்க ரோஸெல் விதி இருந்தது. சந்தையே இல்லாத இடத்தில் முதலாளி வைத்ததுதான் விலை. சந்தையை உண்டாக்கியவருக்கு அந்தச் சந்தையில் விலை போகும் வாய்ப்பே வரவில்லை. இன்று அந்த லீகின் ஆண்டு வருமானம் 2,000 கோடி டாலரைத் தொட்டுவிட்டது. இன்றைய கோடிகளைக் காட்டி அன்றைய ஆட்டக்காரரின் வாயை அடைக்காதே.

"சங்கம் பாத்துக்கணும், லீக் என்ன செய்யும்?" இதை அவன் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். சங்கமும் யோக்கியம் இல்லை. அப்போது சங்கத்தை நடத்திய ஜீன் அப்ஷா, தானும் பழைய வீரர்தான், தன்னை வேலைக்கு வைத்திருப்பவர்கள் இன்றைய வீரர்களே தவிர ஓய்வு பெற்றவர்கள் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் மேக்கி தன் கடைசி சீசனில் வழக்குப் போட்டபோது இப்படி நினைத்திருந்தால் அப்ஷாவுக்குச் சங்கமே இருந்திருக்காது.

2011 ஜூலை 6-ஆம் தேதி மேக்கி இறந்தார். வயது 69. அவருடைய மூளையைக் குடும்பம் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குக் கொடுத்தது. சி.டி.இ. உறுதியானது. தொடர்பு நிரூபணம் ஆகவில்லை என்றார்களே, நிரூபணம் அந்த மனிதரின் மண்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

கதை அதோடு முடிந்தால்கூடப் போனால் போகிறது என்று விடலாம். முடியவில்லை. ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கில் 2015-இல் சமரசத் திட்டத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது. டிமென்ஷியா வந்தவர்களுக்கு நஷ்டஈடு. சரி, எப்படி அளந்தார்கள்? கறுப்பின வீரர்களின் ஆரம்ப அறிவுத்திறன் குறைவாகவே இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு மதிப்பெண்களைத் திருத்தும் முறை அதில் இருந்தது. அதாவது ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு பேரில், வெள்ளைக்காரருக்கு மூளை பாதிப்பு, கறுப்பினத்தவருக்கு "இது வழக்கமானதுதான்". கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரண்டு முன்னாள் வீரர்கள் 2020-இல் வழக்குப் போட்டார்கள். 2021-இல்தான் இதைக் கைவிடுகிறோம் என்றது லீக். மேக்கியும் கறுப்பினத்தவர். அவர் உயிரோடு இருந்து அந்தப் பரிசோதனைக்குப் போயிருந்தால் இதே தராசில்தான் அவரையும் நிறுத்திப் பார்த்திருப்பார்கள்.

ஆக, என் நண்பனுக்கு நான் சொல்வது இதுதான். விருதுக்குப் பெயர் வைப்பது செலவில்லாத வேலை. இறந்தவர் கோப்பையிலிருந்து எழுந்து வந்து கேள்வி கேட்க மாட்டார். கடன் தீர வேண்டுமானால் மூன்று விஷயம் செய்ய வேண்டியிருந்தது. ஒன்று, நேரத்தோடு உண்மையைச் சொல்வது. இரண்டு, பழைய வீரர்களின் ஓய்வூதியத்தை மனைவி கடிதம் எழுதிக் கெஞ்சாமலே உயர்த்துவது. மூன்று, உதவியை உரிமையாகத் தருவது. முதலாவதைத் தாமதமாகச் செய்தார்கள். இரண்டாவதை அவ்வப்போது, சில்லறை சில்லறையாக. மூன்றாவதை, ஒவ்வொரு தடவையும் யாராவது நீதிமன்றப் படியேறிய பிறகு.

அந்த விளையாட்டைப் பார்க்காதே என்று நான் சொல்ல மாட்டேன், நானே பார்க்கிறேன். அடுத்த டிசம்பரிலும் ஏதோ ஒரு இருபது வயதுப் பையன் மேக்கி விருதைக் கையில் வாங்குவான். கைதட்டுங்கள், பையன் என்ன செய்வான் பாவம். ஆனால் அவனிடம் கோப்பையோடு அந்த 1976 தீர்ப்பின் நகலையும், பாஸ்டன் ஆய்வறிக்கையின் நகலையும் சேர்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும். யார் பெயரை வாங்கிப் போகிறோம் என்று அவனுக்கும் தெரியட்டும்.

டேய் ரூம்மேட், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். பதில் இருந்தால் பின்னூட்டத்தில் போடு. சாப்பிடும்போது வேண்டாம், எனக்கு உடனே பதில் வராது :-)